பெண்கள் கேட்டில் இருந்த ஸ்டூல்

தேனிப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்தும் டீச்சர் ஒருவர் போன மாதம் எனக்குப் போன் போட்டார். எண்பதுகளில் வந்த ஒரு மலையாளப் படத்தைத் துலக்கி மறுபடியும் வெளியிட்டிருக்கிறார்களாம். ஒரே வீட்டில் குடியிருக்கும் மூன்று சிநேகிதிகள், பக்கத்து வீட்டுக்கு வரும் ஒரு ஆண், அவனை வைத்து மூவரும் அடிக்கும் கூத்து, அவ்வளவுதான் கதை. இன்றைய பிள்ளைகள் அதைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறார்களாம்.

"போடியில அந்தப் படம் ஓடுனப்ப நீங்கதான் லேடீஸ் கேட்ல இருந்தீங்களாமேம்மா. எங்க காலேஜ் மலருக்கு ஒரு கட்டுரை குடுங்க. சிரிப்பா நாலு சம்பவம் எழுதுனாப் போதும்" என்றார்.

சிரிப்பாகச் சொல்ல என்னிடம் நாற்பது சம்பவம் இருக்கிறது. ஆனால் அந்தப் படத்தைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதில் சிரிக்க எதுவுமில்லை. அந்தப் படம் ஓடிய ஒரு மதியம் நான் ஒரு சோம்பேறித்தனம் செய்தேன். அன்று சாயங்காலமே அதை மறைக்க ஒரு பொய்யும் சொன்னேன். அந்தப் பொய்யை நம்பி ஒருத்தி மலைமேல் நாற்பது வருடமாகத் தன் சிநேகிதியை வெறுத்துக்கொண்டிருந்தாள். டீச்சர் கேட்ட கட்டுரை இதுதான். மலரில் போடுவதும் கிழித்துப் போடுவதும் அவர்கள் இஷ்டம்.

என் பெயர் பஞ்சவர்ணம். போடியில் பாதிப் பேருக்கு அது தெரியாது, 'கேட்டக்கா' என்றால்தான் தெரியும். என் வீட்டுக்காரர் தியேட்டருக்குப் போஸ்டர் ஒட்டுகிறவர். சைக்கிளில் போகும்போது லாரி அடித்துச் செத்துப்போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரமே தியேட்டர் மேனேஜர் ஆள் அனுப்பி, பெண்கள் பகுதிக் கதவில் டிக்கெட் கிழிக்கிற சோலியை எனக்குக் கொடுத்தார். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. டிக்கெட்டைப் பாதியாகக் கிழிப்பது, குழந்தை அழுதால் வெளியே அனுப்புவது, இருட்டில் இடம் காட்டுவது, இதெல்லாம் பத்து நாளில் பழகிவிட்டது. வாய் ஏற்கெனவே நீளம், அதற்குத் தனியாகப் பயிற்சி தேவைப்படவில்லை.

எங்கள் தியேட்டரில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நடுவில் நெஞ்சளவுக்கு ஒரு சுவர். பெண்கள் பக்கத்துக்குத் தனிக் கதவு, தனி முற்றம். அந்தக் கதவுக்குள்ளே ஒரு மர ஸ்டூல் கிடக்கும். அதில் உட்கார்ந்தால் ஒரு கண்ணால் கதவையும் மறு கண்ணால் திரையையும் பார்க்கலாம். தலைக்கு மேலே ஆபரேட்டர் அறை. அவருக்கு டீ மேலே போக, கயிற்றில் கட்டிய ஒரு சின்னக் கூடை தொங்கும்.

மேனேஜரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுந்தரராசு என்று பெயர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, சத்தமே வராத குரல். எங்களை அவர் திட்டி நான் கேட்டதில்லை. ஆனால் அவர் முற்றத்துக்குள் வந்தால் முறுக்குக் கடைக்காரர்கூட முதுகை நிமிர்த்துவார். எல்லாவற்றுக்கும் ஒரு முறை வைத்திருந்தார். அதில் ஒன்றை மட்டும் சேர்ந்த முதல் நாளே என்னைத் திரும்பச் சொல்ல வைத்தார்.

படம் பார்க்க வந்தவரைத் தேடி வெளியே ஆள் வருவது சகஜம். அப்போது செல்போனா இருந்தது? ஆண் என்றால் ஸ்லைடு போடுவோம். ஆபரேட்டர் ஒரு கண்ணாடித் துண்டை மண்ணெண்ணெய் விளக்குப் புகையில் காட்டிக் கரி பிடிக்க வைத்து, தீக்குச்சி முனையால் ஊரையும் பேரையும் எழுதி மெஷினில் செருகுவார். ஓடிக்கொண்டிருக்கும் படத்தின் மேலேயே வெள்ளை எழுத்து வந்து நிற்கும். 'பொட்டிபுரம் ராமு, வெளியே வரவும்.' ஆள் வேட்டியைக் கட்டிக்கொண்டு ஓடிவருவார்.

"பொம்பளப் பேரு மட்டும் திரையில ஏறக் கூடாது, பஞ்சவர்ணம்" என்றார் மேனேஜர். "நீ உள்ள போ. டார்ச் வெளிச்சம் தரையில விழணும், முகத்துல விழக் கூடாது. வரிசை ஓரத்துல இருக்கிறவகிட்டக் காதுல பேரைச் சொல்லு. அவ அடுத்தவ காதுல சொல்லுவா. அந்தப் புள்ள எந்திரிச்சு வந்ததும் பக்கவாட்டுக் கதவு வழியாக் கூட்டிட்டுப் போ. கெட்ட சேதியா இருந்தா உள்ள வச்சு சொல்லாத. 'வீட்ல இருந்து ஆள் வந்திருக்கு'ன்னு மட்டும் சொல்லு. எங்க, ஒருக்கா திருப்பிச் சொல்லு பாப்போம்."

சொன்னேன். நாலைந்து வருடம் அப்படியே செய்தும் வந்தேன். எத்தனையோ பெண்களை அப்படிக் கூட்டி வந்திருக்கிறேன். ஒருத்தி பெயரும் அடுத்த வரிசைக்குத் தெரிந்ததில்லை.

இப்போது அந்தப் படத்துக்கு வருகிறேன். மலையாளப் படம், அதிலும் 'ஏ' முத்திரை குத்தியது. அந்தக் காலத்தில் அதற்கு ஊரில் ஒரே அர்த்தம்தான். ஆண்கள் பக்கம் முதல் நாளே நிரம்பி வழிந்தது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தவர்கள் எத்தனை பேர்! வந்தவர்களுக்கு ஏமாற்றம். எதை எதிர்பார்த்து வந்தார்களோ அது படத்தில் இல்லை. பெண்கள் பேசிப் பேசிச் சிரிக்கிறார்கள், அந்தப் பேச்சுதான் கொஞ்சம் பச்சை. அதுவும் மலையாளத்தில். இவர்களுக்கு ஒரு எழவும் புரியவில்லை.

பெண்கள் பக்கம் காலியாகக் கிடக்கும் என்றுதான் நினைத்தேன். நினைத்தது தப்பு. ஏலக்காய் தரம் பிரிக்கிற கடைகளிலிருந்து பெண்கள் வந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் மலை எஸ்டேட்டுகளில் காய் எடுக்கப் போய் மலையாளம் பழகியவர்கள். ஒவ்வொரு நக்கலும் அவர்களுக்குப் புரிந்தது. பெண்கள் பக்கம் சிரிப்பு வெடிக்கும், ஆண்கள் பக்கம் 'என்னத்துக்குடா இவளுக சிரிக்கிறாளுக?' என்று முனகல் கேட்கும். எனக்கு அந்த முனகலைக் கேட்க அவ்வளவு குஷியாக இருக்கும். நானும் ஸ்டூலில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரிப்பேன். அக்கம் பக்கத்தில் யாரும் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

ஒரு அமாவாசை. கடைகள் மதியத்தோடு அடைப்பு. மேட்னிக்கு மூன்று பேர் ஒன்றாக வந்தார்கள். சிலமலை ஈஸ்வரி, போடியிலேயே குடியிருந்த மாயக்கா, இன்னொரு பெண். வரும்போதே முந்தானையிலிருந்து ஏலக்காய் வாசம். ஈஸ்வரிக்கு அந்த மாதம்தான் பரிசம் போட்டிருந்தார்கள், மாப்பிள்ளையும் சிலமலைதான். வீட்டில் 'கடையில் வேலை இருக்கிறது' என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"யக்கா, யாராச்சும் கேட்டா நாங்க வரல" என்று என் கையைப் பிடித்தாள் ஈஸ்வரி.

"நீங்க யாருன்னே எனக்குத் தெரியாதுடி. போய் வெரசா உக்காருங்க" என்றேன்.

இடைவேளை முடிந்து கொஞ்ச நேரம். மாயக்கா வெளியே வந்து முறுக்கு வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அவள் போன சூட்டோடு முற்றத்துக் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் நின்றார். ஈஸ்வரியின் மாமன். ஏலக்காய்க் கடைக் காவலாளி அவரை இங்கே அனுப்பியிருக்கிறார்.

"ஆத்தா, சிலமலை ஈஸ்வரியக் கொஞ்சம் கூப்பிட்டு விடு. அவங்கய்யா தோட்டத்துல மயங்கி விழுந்துட்டாரு. ஆசுபத்திரில கெடக்காரு."

"நில்லுங்கண்ணே, கூப்பிடுறேன்" என்று கதவுக்குள்ளே வந்தேன்.

திரையில் எந்தக் கட்டம் தெரியுமா? மூன்று சிநேகிதிகளும் கதாநாயகனைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்துவிட்டுக் கட்டில்மேல் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். வீட்டுக்காரக் கிழவி அறைக்குள் வந்துவிட்டாள். கீழே தூசி, அவனுக்குத் தும்மல் வருகிறது. மூக்கைப் பிடிக்கிறான். தும்முவானா, மாட்டானா? அதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் அந்தக் கட்டம் வரும்போது யாராவது குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள், நான் பார்க்காமல் போய்விடுவேன். அன்றைக்காவது பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது.

ஈஸ்வரி உட்கார்ந்திருந்தது முன்வரிசையில், நடுவில். நான் போய்க் கூப்பிட்டுவர நாலு நிமிஷம் ஆகியிருக்கும். ஒரு துண்டுச் சீட்டில் 'சிலமலை ஈஸ்வரி, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, உடனே வெளியே வரவும்' என்று எழுதி டீக் கூடையில் போட்டுக் கயிற்றை இழுத்தேன். மேனேஜர் அன்று படப்பெட்டி விஷயமாக மதுரைக்குப் போயிருந்தார். ஆபரேட்டர் ஒன்றும் கேட்கவில்லை. நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

அவன் தும்மினான். அதே நேரம் கட்டில்மேல் படுத்திருந்த மூன்று பேர் உடம்பின்மேலும் வெள்ளை எழுத்து வந்து நின்றது.

ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு விசில், அதைத் தொடர்ந்து நூறு விசில். அவ்வளவு நேரம் ஏமாந்து உட்கார்ந்திருந்தவர்களுக்குப் பொழுதுபோக்கு கிடைத்துவிட்டது. "ஏய் சிலமலை ஈஸ்வரி!" "வெளிய வா ஈஸ்வரி!" "இங்கிட்டு வா ஈஸ்வரி!" பெஞ்சின்மேல் ஏறி நின்று சுவருக்கு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். முன்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். திரை வெளிச்சம் முழுக்க அவள் முகத்தில். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்பதைப் படித்துவிட்டு அவளால் உட்காரவும் முடியாது. வரிசையைத் தாண்டித் தாண்டி ஓடிவந்தாள். மாயக்கா முறுக்குப் பொட்டலத்தை அப்படியே போட்டுவிட்டு அவள் பின்னாலேயே ஓடினாள். என்னைத் தாண்டிப் போகும்போது ஈஸ்வரி என்னைப் பார்க்கவில்லை.

அவளுடைய அப்பாவுக்கு ஒன்றுமில்லை. வெயில் மயக்கம். சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து சோடா குடித்தார். குடித்துக்கொண்டிருக்கும்போதே சேதி வந்து சேர்ந்தது. ஆண்கள் பக்கம் மாப்பிள்ளையின் அண்ணன் உட்கார்ந்திருந்திருக்கிறான். அவன் அந்தப் படத்துக்கு வந்தது குற்றமில்லையாம், அவள் வந்தது குற்றமாம். மூன்றாம் நாள் பரிசத் தட்டைத் திருப்பி அனுப்பினார்கள். அவள் பஸ்ஸில் ஏறினால் பின்சீட்டிலிருந்து "வெளிய வா ஈஸ்வரி" என்று குரல் வரும். அவளுடைய அப்பா அதற்குப் பிறகு அவளிடம் பேசவேயில்லை, சாகும்வரை. ஆறே மாதத்தில் பூப்பாறைக்கு அங்கிட்டு ஒரு எஸ்டேட்டில், பெண்டாட்டி செத்த கங்காணி ஒருவருக்குக் கட்டிவைத்து ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அவருக்கு அவள் அப்பா வயது.

நான் சொன்ன பொய்யைச் சொல்லிவிடுகிறேன். அன்று சாயங்காலம் மேனேஜர் மதுரையிலிருந்து திரும்பியதும் என்னைக் கூப்பிட்டார்.

"சீட்டை யார் எழுதிப் போட்டது?"

அந்த வேலை போனால் எனக்கு வேறு போக்கில்லை. "நான் கொல்லைப் பக்கம் போயிருந்தேங்கய்யா. அந்தப் புள்ளையோட சிநேகிதி மாயக்கா முறுக்கு வாங்க வந்தா. மாமன் நிக்கிறதப் பாத்துட்டு அவளா எழுதிக் கூடையில போட்டுட்டா" என்றேன். மூச்சுவிடாமல் வந்தது. எங்கிருந்து வந்ததோ, இன்றுவரை தெரியவில்லை.

அவர் என்னைப் பார்த்தார். மேஜைமேல் அந்தச் சீட்டு இருந்தது. தினமும் என் கையெழுத்தைப் பார்க்கிறவர்.

"சரி" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் போனபோது கேட்டில் ஸ்டூல் இல்லை. கேட்டேன். "இனிமே அங்க ஸ்டூல் வேணாம், பஞ்சவர்ணம்" என்றார், அதே சத்தமில்லாத குரலில். தியேட்டரை மூடும்வரை இருபத்திரண்டு வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்தேன். கால் நரம்பு சுருட்டிக்கொண்டு நீலம் பாய்ந்து கிடக்கிறது. அவர் அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை, உண்மையை வெளியே யாரிடமும் சொல்லவுமில்லை. அவர் சொல்லியிருக்க வேண்டும். என்னைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருக்க வேண்டும். நல்ல மனுஷன் என்று ஊர் சொல்கிறது, எனக்கு அவர்மேல் இன்னும் கோபம் தீரவில்லை.

கேட்டவர்களிடமெல்லாம் நானும் அதையே சொன்னேன், பொய் ஒரே வாரத்தில் ஊரைச் சுற்றியது. யாரிடம் சேதி சொன்னார் என்று ஈஸ்வரியின் மாமனை யாரும் கேட்கவில்லை. 'ஈஸ்வரிக்குப் பரிசம் போட்டது பொறுக்காமச் செஞ்சுட்டா' என்று அதற்குக் காரணமும் முளைத்தது. மாயக்கா கோயில் வாசலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தாள், நான் அந்த வழியாகப் போகிறபோதே செய்தாள். நான் நிற்காமல் போனேன். ஈஸ்வரி அந்தச் சத்தியத்தை நம்பவில்லை. முறுக்கு வாங்கப் போகிறேன் என்று மாயக்கா எழுந்து போனதும், சற்று நேரத்தில் எழுத்து வந்ததும் அவள் கண்ணால் பார்த்தது.

டீச்சர் அனுப்பிய படத்தைப் போனில் பார்த்தேன். பகலில், கதவைச் சாத்திக்கொண்டு. ஐயோ, அதில் என்ன இருக்கிறது? இன்றைக்கு டிவியில் சோப்பு விளம்பரத்தில் இருப்பதுகூட அதில் இல்லை. கட்டில் காட்சி வந்தது. அவன் தும்மினான். கிழவி திரும்பிப் பார்த்தாள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் பொய்யாகத் தும்மினார்கள். சிரிப்புத்தான், நன்றாக எடுத்திருக்கிறார்கள். நான் போனைக் கவிழ்த்துவைத்துவிட்டுத் தலையிலேயே அடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஜீப்பில் ஏறினேன். காய் எடுக்கப் போகிற பெண்களுக்கு நடுவில் இடம் கொடுத்தார்கள். போடிமெட்டுத் தாண்டியதும் குளிர் காலில் ஏறியது. எஸ்டேட் லயத்தில், வேலைக்காரர் வீட்டு வரிசையில், கடைசி வீடு. ஈஸ்வரி வாசலில் உட்கார்ந்து பருப்பில் கல் பார்த்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரை. கங்காணி செத்து எத்தனையோ காலம். பிள்ளை இல்லை.

"யாரு சேச்சி?" என்றாள். பேச்சில் மலையாளம் ஏறிப்போயிருந்தது.

"போடி தியேட்டர்ல கேட்ல இருந்தேனே, பஞ்சவர்ணம்."

முறத்தைக் கீழே வைத்தாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டு, கூடை, தும்மல், மேனேஜரிடம் சொன்ன பொய். ஒன்றையும் விடவில்லை. முடித்ததும் "மதி, போதும், நிறுத்து" என்றாள். நான் ஏற்கெனவே நிறுத்தியிருந்தேன்.

பிறகு அவளே சொன்னாள். "எங்க வீட்டுக்காரரு செத்தப்ப அவ இங்க வந்தாக்கா. போடியிலருந்து ஜீப்புல ஏறி, இந்த வாசல்ல வந்து நின்னா. கையில முறுக்குப் பொட்டலம். நான் கதவச் சாத்திட்டேன். சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தா. மழை வேற. 'ஈசு, நான் இல்லடி'ன்னு கதவுக்கு வெளிய இருந்து சொல்லிக்கிட்டே இருந்தா."

"மாயக்காகிட்டயும் போய்ச் சொல்லுறேன் ஆத்தா. உன்னையக் கூட்டிட்டே போறேன். கால்ல விழுறேன்."

"எங்கிட்டுப் போவ? அவ செத்து நாலு வருசமாச்சு. ஆளு வந்து சொன்னாங்க. நான் எழவுக்குக்கூடப் போகல."

போடியிலேயே இருக்கும் எனக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்காகவே அவள் தெருப் பக்கம் நான் போனதில்லை. வாசல் கல்லைப் பிடித்துக்கொண்டு உட்காரப் போனேன். உட்காரவில்லை.

என்னை ஏசுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்துத்தான் மலை ஏறியிருந்தேன். அவள் செய்யவில்லை. முறத்தை எடுத்தாள், இரண்டு கல் பொறுக்கினாள், மறுபடி வைத்தாள்.

"அந்தப் படம் கடைசியில என்னக்கா ஆச்சு? நான் பாதியில வந்துட்டேன்ல."

"அவன வேணாம்னு அனுப்பி வச்சிருவாளுக. மூணு பேரும் அந்த வீட்டுலயே ஒண்ணா இருந்துக்குவாளுக. கடைசியில அதே கட்டில்ல படுத்துச் சிரிச்சுக்கிட்டிருப்பாளுக" என்றேன்.

"மாயக்கா அதப் பாத்தாளா?"

"இல்ல ஆத்தா. அவ உன் பின்னாலயே ஓடியாந்துட்டா. திரும்பி வரல."

"அப்ப முடிவு வரைக்கும் பாத்தது யாரு?"

நான்தான் பார்த்தேன். அவர்கள் இரண்டு பேரும் ஓடிய பிறகு, ஸ்டூலில் உட்கார்ந்து, கடைசிவரை. சிரிக்கவும் செய்தேன்.